மேலும் காண்க

இப்போது உங்கள் போனில் ஒரு ரோஜாப்பூ வந்ததே, பனித்துளியும் ‘இனிய காலை வணக்கம்’ என்ற ஜிகினா எழுத்துமாக, அதைப் பார்க்காமலே தள்ளிவிட்டீர்களே, யார் அனுப்பியது? பெரியம்மாவா? சரிதான். இல்லை, நான் எட்டிப் பார்க்கவில்லை. இந்த பஸ்ஸில் காலை மடக்கித்தான் வைத்திருக்கிறேன், கண்ணை எங்கே மடக்கி வைப்பது?

தப்பு சொல்லவில்லை, அம்மா. நானும் உங்களைப் போலத்தான். அந்தப் பூக்களை என்னைப் போல யாரும் கேலி செய்திருக்க முடியாது. ‘எந்தச் செடியும் ஒப்புக்கொள்ளாத பூ’ என்று ஒரு கவிதையே எழுதியிருக்கிறேன். நல்ல வரவேற்பு.

எங்கே இறங்குகிறீர்கள்? காரியாபட்டியா? சரி, அதற்குள் சொல்லிவிடலாம். நான் அருப்புக்கோட்டை போகிறேன். சென்னையிலிருந்து ரயிலில் மதுரை வந்து, மாட்டுத்தாவணியில் ஒரு காபி குடித்துவிட்டு, அதைக் காபி என்று அவர்கள்தான் சொன்னார்கள், இந்த பஸ்ஸில் ஏறினேன். ஒரு தோழியைப் பார்க்க. பார்க்க என்றால், இதுவரை பார்த்தது கிடையாது. குரலும் கேட்டது கிடையாது. ஆனாலும் தோழி. மூன்று வருஷமாக. முகநூல் தோழி. சிரிக்காதீர்கள்.

என் பெயர் சரோஜினி. எழுதுவது யாழ்மங்கை என்ற பெயரில். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, பஸ்ஸில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். காலேஜில் படித்தது ஆங்கில இலக்கியம், ஆபீஸில் பார்த்தது கணக்கு, எழுதுவது தமிழ்க் கவிதை. ‘ஈரமணல்’ என்று முகநூலில் ஒரு கவிதைக் குழு இருக்கிறது. அதில் தினமும் ஒரு கவிதை போடுவேன். வீட்டுக்காரர் போய்விட்டார். மகன் டொராண்டோவில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு, ‘அம்மா, போனை நேரா பிடிம்மா, ஃபேன்தான் தெரியுது’ என்பான். எங்கள் வீட்டு ஃபேனை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நேரில் ஒரு ஆளைப் புரிந்துகொள்ள எத்தனையோ வருஷம் ஆகும். முகநூலில் பத்து கமெண்ட் போதும். அழகர்சாமி என்று ஒருவர், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் போட்டாலும் ‘அருமை அருமை’. காதல் கவிதைக்கும் அருமை அருமை, வெள்ளத்தில் வீடு போனவளைப் பற்றிய கவிதைக்கும் அருமை அருமை. படிக்காமல் கையெழுத்துப் போட்டே பழகின கை. முனைவர் இளஞாயிறு என்று ஒருவர். அவருடைய கமெண்ட் நம் கவிதையைவிட நீளம். முதல் வரியில் நம் பெயர் இருக்கும், இரண்டாவது வரியிலிருந்து அவர் புத்தகம். அப்புறம் கோவை ஜெயந்தி. அவளுக்கு எல்லோருக்கும் என்ன நோய் என்று தெரிந்தாக வேண்டும். ‘உள்ளுக்குள் எரிகிறேன்’ என்று எழுதினேன். ‘அல்சரா இருக்கும்ங்க அக்கா, வெறும் வயித்துல காபி குடிக்காதீங்க’ என்று போட்டாள்.

பாருங்கள், மனிதர்கள் நேரில் பூசி மெழுகுவதெல்லாம் அங்கே நிற்காது. அவரவர் குணம் அப்படியே எழுத்தில் வந்து உட்கார்ந்துவிடும். என்னிடம் அந்தக் குறை கிடையாது. நான் யாருக்கும் கமெண்டே போடுவதில்லை. படித்துவிட்டு மனதுக்குள் வைத்துக்கொள்வேன். சில சமயம் படிக்காமலும்.

தவமணி இதில் எந்த ரகமும் இல்லை. அவள்தான் அருப்புக்கோட்டை. சயின்ஸ் டீச்சராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கவிதையும் எழுத மாட்டாள். அப்புறம் எதற்குக் கவிதைக் குழுவில் இருந்தாள் என்று கேட்பீர்கள். படிக்க, அம்மா! படிப்பதற்கென்றே ஒருத்தி வந்திருந்தாள். ஒவ்வொரு பதிவின் கீழேயும் ‘மேலும் காண்க’ என்று இருக்கும், தெரியுமில்லையா? அதைத் தொட்டு, திறந்து, கடைசி வரி வரை படிப்பவள் அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான்.

படித்துவிட்டு என்ன எழுதுவாள் என்கிறீர்கள்? ‘நள்ளிரவில் கீழ்வானில் பௌர்ணமி எழுந்தது’ என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். எல்லோரும் உருகிப்போனார்கள். இவள் வந்து, ‘அக்கா, பௌர்ணமி அன்னைக்கு நிலா சாயங்காலமே வந்துரும். நடுராத்திரி உச்சியில நிக்கும். வேணும்னா இன்னைக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க’ என்று போட்டாள். சபையில்! எத்தனை பேர் முன்னால்! எனக்கு வந்த கோபத்துக்கு மாடிக்கே போகவில்லை. அடுத்த மாதம்தான் போனேன். அது கிடக்கட்டும்.

அப்படித்தான் பழக்கம். குழுவிலிருந்து வாட்ஸ்அப்புக்கு வந்தோம். போனில் பேசலாமா அக்கா என்று அவள் கேட்டிருக்கிறாள். நான்தான் வேண்டாம் என்றேன். எழுத்தில் இருக்கிற மரியாதை குரலில் இருப்பதில்லை. குரல் என்றால் மூச்சு வாங்கும், இருமல் வரும், நடுவில் குக்கர் விசில் அடிக்கும்.

அப்போது எங்கள் அபார்ட்மெண்டில் மேல்மாடி லில்லி அம்மாள் இறந்துபோனாள். தனியாக இருந்தவள். வாசலில் பால் பாக்கெட் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதைத் தவமணிக்கு எழுதினேன். கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. ‘அக்கா, நாளையிலேருந்து காலையில உங்களுக்கு ஒரு பூ அனுப்புறேன். நீங்க பதிலுக்கு ஒண்ணு அனுப்புங்க. பத்து மணிக்குள்ள யாருக்கு வரலையோ அவங்க உடனே போன் பண்ணிரணும். சரியா?’

பூவா, ஐயோ, என்றேன். ‘பூ வேணாம்னா தவளைப் படம் அனுப்பட்டுமா?’ என்றாள். பூவே இருக்கட்டும் என்றேன்.

அன்றிலிருந்து தினமும் ஒரு பூ. ஜிகினாப் பூ இல்லை, அவள் வீட்டுச் செடியில் அவளே எடுத்த படம். ஓரத்தில் பாதி விரல் தெரியும். பின்னால் கொடியில் துண்டு தொங்கும். கலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. நான் பதிலுக்குக் கட்டை விரல் ஒன்று அனுப்புவேன். பூவுக்குக் கட்டை விரல் கணக்கா என்று அவள் கேட்டதே இல்லை.

ஒரு நாள் சார்ஜர் கெட்டுப்போய் என் போன் அணைந்துவிட்டது. நான் கவலைப்படாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் இடி இடிக்கிற மாதிரி தட்டுகிறார்கள். திறந்தால் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி, பாதி ஷேவிங் சோப்போடு நிற்கிறார். ‘மேடம், நீங்க உயிரோடதான் இருக்கீங்களா? அருப்புக்கோட்டையிலேர்ந்து ஒரு டீச்சர் கேக்கறாங்க. கதவை உடைக்கச் சொல்றாங்க மேடம்!’ எப்போதோ பேச்சுவாக்கில் அவர் நம்பரைக் கொடுத்திருந்தேன். எனக்கு எவ்வளவு அவமானம்! அன்றைக்கு அவளுக்கு ஒரு பாட்டம் எழுதித் தீர்த்தேன். ‘திட்டுறீங்கல்ல, அப்ப நல்லாத்தான் இருக்கீங்க’ என்று ஒரே வரி அனுப்பினாள்.

வலையங்குளம் தாண்டிவிட்டதா? இருங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

ஆவணி மாதம் ஒரு நாள் காலையில் பூ வரவில்லை. பத்து மணி ஆயிற்று. ஒப்பந்தப்படி நான் போன் செய்திருக்க வேண்டும், அதுதானே கேட்கிறீர்கள்? செய்திருப்பேன். அன்றைய கவிதையில் கடைசிச் சொல் ஒன்று அகப்படாமல் அலைக்கழித்துக்கொண்டிருந்தது. அது அகப்பட்டதும், கவிதையைப் போட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று முகநூலைத் திறக்கிறேன். அவள் படம். சட்டம் போட்ட படம். அதற்கு மாலை.

தவமணி படத்துக்கு மாலை, அம்மா.

அவளுடைய அண்ணன் மகன் கதிரவேல் போட்டிருந்தான். ‘அத்தை, மாலையோட உங்க படத்தைப் பார்த்தப்ப கண்ணு கலங்கிருச்சு. நீங்க எங்களுக்குச் செஞ்சது…’ அவ்வளவுதான். மூன்று புள்ளி.

  நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் பூ வராததற்கு இதுதான் காரணமா என்று தோன்றியது. அப்புறம், எப்படிச் சொல்வது, வரிகள் தாமாகவே வந்தன. நானாக எழுதவில்லை. கவிஞர்களுக்கு அப்படி நேர்வதுண்டு.

‘குயிலே,
உன் குரல் கேட்ட காதுகள்
இனி எதைக் கேட்கும்?
பூ அனுப்பிய கை
பூவின் அடியில் உறங்குகிறது.’

நன்றாக இருக்கிறதா? நன்றாகத்தான் இருக்கிறது. குரலை நான் எங்கே கேட்டேன் என்று கேட்காதீர்கள், கவிதையில் அதெல்லாம் உண்டு. முதலில் போன் பண்ணி விசாரித்திருக்கலாமே என்று மகனும் கேட்டான். சாவு வீட்டுக்குப் போன் பண்ணி என்ன கேட்பது? தவிரவும், இளஞாயிறு சும்மா இருப்பாரா? இரங்கல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். என் தோழிக்கு அவர் முந்திக்கொண்டு எழுதினால் நான் தாங்குவேனா?

போட்டேன். அம்மா, என் வாழ்நாளில் எதற்கும் அப்படி லைக் வந்ததில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஏறிக்கொண்டே போகிறது. ‘யாழ்மங்கை அம்மா, அழவைத்துவிட்டீர்கள்’ என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள். அழகர்சாமி வந்தார். அருமை அருமை. ஒரு சாவுக்கு! இளஞாயிறு, ‘தவமணி அவர்கள் என் அடுத்த நூல் வெளியீட்டுக்கு வருவதாக வாக்களித்திருந்தார். விதி வேறாக நினைத்துவிட்டது. விழா அடுத்த ஞாயிறு மாலை, அனைவரும் வருக’ என்று எழுதினார். ஜெயந்தி, ‘ஐயோ, எப்படிங்க ஆச்சு? சுகர் இருந்துச்சுங்களா?’ இப்படி மனிதர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லுங்கள். ஒருவருக்காவது அவளை நினைத்து அழத் தெரிந்ததா? நான் ஒருத்திதான் கவிதையாவது எழுதினேன்.

சாயங்காலம் என் கவிதைக்குக் கீழே தவமணியின் கமெண்ட் வந்தது.

ஆமாம். தவமணியேதான்.

நடந்தது என்னவென்றால், அவளிடம் படித்த பிள்ளைகள் பெரியவர்களாகி, பள்ளிக்கூடத்தில் ஒரு லைப்ரரி அறை கட்டி, அவள் படத்தை அங்கே மாட்டியிருக்கிறார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கழுத்தில் மாலை போட்டிருக்கிறார்கள். கழுத்து அரிக்கிறது என்று அவள் அதைக் கழற்றித் தன் படத்தின் மேலேயே மாட்டிவிட்டாளாம்! உயிரோடு இருக்கிறவள் செய்கிற வேலையா இது? அந்தப் பையன் அதை மட்டும் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். எல்லாம் விவரமாக எழுதித்தான் இருந்ததாம், ‘மேலும் காண்க’வுக்கு உள்ளே. அதை யார் தொட்டார்கள்? அதைத் தொடுகிற ஒரே ஆள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

குழுவே குலுங்கிப்போயிற்று. இளஞாயிறு தன் இரங்கலை அழித்துவிட்டு, ‘எனக்கு முதலிலேயே ஐயம் இருந்தது’ என்று எழுதினார். ஜெயந்தி, ‘அப்ப சுகர் இல்லைங்களா?’ என்று கேட்டாள். அழகர்சாமி மறுபடியும் அருமை அருமை. அந்த ஒரு தடவை அது பொருத்தமாக இருந்தது.

சரி, தவமணி என்ன எழுதியிருந்தாள்? கேளுங்கள். அவளுக்காக உயிரைக் கொடுத்து நான் எழுதின கவிதைக்குக் கீழே, ஒரே ஒரு வரி:

‘பத்து மணிக்குப் போன் வரும்னு கையிலேயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் அக்கா.’

அவ்வளவுதான்! கவிதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. குயில் என்று எழுதியிருக்கிறேனே, அதற்காவது ஒரு நன்றி? இல்லை. விழா அவசரத்தில் பூ அனுப்ப மறந்து, மேடை ஏறின பிறகு நினைத்துக்கொண்டது அவள். அதற்குக் குற்றவாளி நான். மேடையில் உட்கார வைத்தும் போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாளாம், அந்தப் பையன் பிறகு எழுதியிருந்தான். நானா வைத்துக்கொள்ளச் சொன்னேன்?

கவிதையை எடுத்துவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். எதற்கு எடுக்க வேண்டும்? ஒருத்தி பிழைத்துக்கொண்டாள் என்பதற்காக நல்ல கவிதையை அழிப்பார்களா? அடியில் ஒரு குறிப்பு போட்டேன். ‘தவமணி நலமாக உள்ளார்.’ அது நியாயம்தானே?

மறுநாள் பூ வரவில்லை. குழுவைவிட்டும் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கும் எழுத வரும். ஒன்றும் சொல்லாமல் போகிறவளை என்ன செய்வது? சரி, பெரியவள் நான்தானே என்று நானே பூ அனுப்பத் தொடங்கினேன். நான்! வீட்டில் செடி இல்லை. அதனால் ஜிகினாப் பூதான். பனித்துளி, பட்டாம்பூச்சி, எழும்பி எழும்பி விழுகிற எழுத்து, எல்லாம். அவளிடமிருந்து பதில் வராது. ஆனால் அந்த இரண்டு டிக் இருக்கிறதே, அது நீலமாகும். அது நீலமான பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். பழக்கம், வேறொன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரே டிக். நீலம் இல்லை, இரண்டாவது டிக்கே இல்லை. அவள் முகப்புப் படமும் போய்விட்டது, சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மைத் தலை. மகனைக் கேட்டேன். ‘உன்னை பிளாக் பண்ணியிருப்பாங்கம்மா’ என்றான். போன் அணைந்திருந்தாலும் ஒரே டிக்தானாம். ஆள் இல்லையென்றாலும் ஒரே டிக்தானாம். என்ன விஞ்ஞானம் பாருங்கள்! கோபமும் சாவும் ஒரே மாதிரி தெரிகிறது.

போன் பண்ணிப் பார்க்கலாமே என்கிறீர்கள். பண்ணலாம். எடுக்காவிட்டால் அதை என்னவென்று நான் வைத்துக்கொள்வது? வேறு யாராவது எடுத்துவிட்டால்? ‘அத்தை…’ என்று அந்தப் பையன் இழுத்தால்? மூன்று புள்ளிக்கு மேல் படிக்க எனக்குத் தைரியம் கிடையாது. அதனால்தான் டிக்கெட் எடுத்துவிட்டேன். சண்டை போடத்தான் போகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அதோ, கல் மண்டபம் தெரிகிறதே, காரியாபட்டி பக்கம் வந்துவிட்டதா? அப்படியானால் ஒன்று செய்யுங்களேன். உங்கள் நம்பர் அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை அடித்துப் பாருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். அவள் எடுத்தால் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடுங்கள். இதோ நம்பர். ஸ்பீக்கரில் போடுங்கள். இல்லை, வேண்டாம். போடுங்கள், போடுங்கள்.

மணி அடிக்கிறது.

அடிக்கிறதே. இன்னும் அடிக்கிறது. விட்டுவிடுங்கள் அம்மா, போதும், வைத்துவிடு…

...

கேட்டீர்களா? கேட்டீர்களா அவள் பேச்சை? நீங்கள் ராங் நம்பர் என்றதற்கு, ‘பரவாயில்ல தாயி. ராங் நம்பராவது கூப்பிடுதே’ என்கிறாள்! முன்பின் தெரியாத உங்களிடம்கூட என்னைக் குத்திப் பேசுகிறாள். அப்படியானால் பிளாக்தான் பண்ணியிருக்கிறாள்! என்னை! யாழ்மங்கையை! கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்துகொண்டு பிளாக் பண்ணியிருக்கிறாள். நல்லது. ரொம்ப நல்லது. ஒன்றுமில்லை, கண்ணில் தூசி. ஜன்னலைத்தான் நீங்கள் திறந்து வைத்திருக்கிறீர்களே.

அது என்ன குரல், அம்மா! கரகரவென்று, வகுப்பில் கடைசி பெஞ்சை அதட்டியே தேய்ந்துபோன குரல். குயில் என்று எழுதிவிட்டேனே. அந்த வரியை மாற்ற வேண்டும்.

இனி நான் எதற்கு அவள் வீட்டுக்கு? அழைக்காத வீட்டு வாசலில் போய் நிற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அருப்புக்கோட்டையில் இறங்கி அந்தப் பள்ளிக்கூடத்து லைப்ரரியைக் கேட்டுப் போவேன். படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். படத்தோடு பேசுவது எனக்குப் பழக்கம்தான்.

இறங்குங்கள், இறங்குங்கள், கண்டக்டர் விசில் கொடுத்துவிடப் போகிறார். பையை எடுத்துக்கொண்டீர்களா? அந்த நம்பர் உங்கள் போனில் இருக்கிறதல்லவா? அழித்துவிடாதீர்கள். நாளைக் காலை பத்து மணி வாக்கில், கைவேலை இல்லையென்றால், அவளுக்கு இன்னொரு ராங் நம்பர் போடுங்கள்.

இந்தாருங்கள், இந்தச் சீட்டில் என் நம்பர், எனக்கும் ஒன்று போடலாம். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.